விசிலுக்கு முன், விசிலுக்குப் பின்

அமைப்புகள் மூன்று வகை என்று பதினோராம் வகுப்பில் படித்திருப்போம். பொருளும் ஆற்றலும் வந்துபோனால் திறந்த அமைப்பு. ஆற்றல் மட்டும் வந்துபோனால் மூடிய அமைப்பு. இரண்டுக்குமே வழியில்லையென்றால் தனித்த அமைப்பு. தேர்வுக்கு இது போதும், அடுப்படிக்குப் போதாது.

குக்கரில் பருப்பை வைத்து மூடி, ஆவி வரத் தொடங்கியதும் வெயிட்டைப் போட்டாயிற்று. அடுப்பின் சூடு உள்ளே போகிறது, நீராவிக்கு வெளியேற வழியில்லை. இப்போது அது மூடிய அமைப்பு. உள்ளே அழுத்தம் ஏறி, வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் இரண்டு மடங்காகும்போது தண்ணீரின் கொதிநிலை 100 டிகிரியிலிருந்து 120ஐத் தொடுகிறது. பருப்பு சீக்கிரம் வேகிறது. அப்போது ஆவி வெயிட்டைத் தூக்க, விசில். அந்தச் சில நொடிகளுக்கு அதே குக்கர் திறந்த அமைப்பு. வெயிட் உட்கார்ந்ததும் பழையபடி மூடிக்கொள்கிறது.

அந்த நொடிகள் செலவு பிடித்தவை. ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100க்குக் கொண்டுவர 70 கலோரி போதும். கொதிக்கிற அதே ஒரு கிராமை ஆவியாக்கச் சுமார் 540 கலோரி வேண்டும். விசிலோடு போகும் ஆவி இதையெல்லாம் சுமந்துகொண்டுதான் போகிறது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவைப்பவர்கள் கணக்குப் போடாமலே விடையைக் கண்டவர்கள். (நான் இன்னமும் விசிலை எண்ணும் கட்சிதான்.)

மூன்றாவது வகைக்குப் பாடப்புத்தகம் காட்டுவது பிளாஸ்க். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜேம்ஸ் டியூவார் 1892இல் உருவாக்கியது. கண்ணாடிக்கு இரட்டைச் சுவர். இடையில் வெற்றிடம், ஆகவே வெப்பத்தைக் கடத்தவோ சுமந்துபோகவோ அங்கே காற்று இல்லை. வெள்ளிப் பூச்சு கதிர்வீச்சைத் திருப்பி அனுப்பிவிடும். டியூவாருக்கு டீயைப் பற்றிக் கவலையில்லை. திரவமாக்கிய வாயுக்கள் கொதித்துப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான். 1898இல் அவர் திரவமாக்கிய ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியிலேயே கொதித்துவிடும். காப்புரிமை வாங்காமல் விட்டார். ஜெர்மனிக்காரர்கள் 1904இல் ‘தெர்மோஸ்’ என்று பெயர் சூட்டிக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

பிளாஸ்க் உண்மையிலேயே தனித்த அமைப்பா? பத்து நிமிடக் கணக்கென்றால் ஆமாம் என்றே வைத்துக்கொள்ளலாம். காலையில் ஊற்றிய காபியை ராத்திரி குடித்துப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எல்லையை எங்கே போடுகிறோம், எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்று சொல்லாமல் வகையைச் சொல்ல முடியாது.

கால்நடை மருந்தகங்களில் சினை ஊசிக்கான உறைவிந்தைப் பாதுகாக்கும் உலோகக் கேனும் டியூவாரின் பிளாஸ்க்தான். உள்ளே மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன். என்ன செய்தாலும் கொஞ்சம் சூடு உள்ளே கசியும், அந்த அளவுக்கு நைட்ரஜன் ஆவியாகும். ஆவியாகி அறை வெப்பநிலைக்கு வந்தால் ஏறக்குறைய 700 மடங்கு இடம் கேட்கும். இறுக்கி மூடினால் கேன் வெடித்துவிடும். அதனால் மூடியைத் தளர்வாகச் செருகித்தான் வைக்கிறார்கள். வெளியுலகத் தொடர்பே வேண்டாமென்று செய்த பாத்திரம் அங்கே திறந்த அமைப்பாக நிற்கிறது. குறையக் குறைய நைட்ரஜனை ஊற்றி நிரப்ப வேண்டியிருக்கிறது.