காரில் வானொலி பூட்டுவோர் கவனத்திற்கு

1990ஆம் ஆண்டிற்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இன்றி, பற்றரிக்கும் தடை என்றிருந்த காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் நம்மிற் பலர். அந்த டைனமோவின் கம்பிகள் தவறி முட்டிக்கொண்டாலும் ஆபத்து எதுவும் நேர்வதில்லை. அது தரும் மின்னோட்டம் அரை அம்பியர் அளவே. சுழற்றும் கை நின்றால் மின்சாரமும் நின்றுவிடும்.

கார்ப் பற்றரி அத்தகையதன்று. அதுவும் 12 வோல்ற்றுத்தானே, தொட்டாலும் அதிர்ச்சி இல்லையே என்ற எண்ணமே பிழைகளுக்கெல்லாம் தொடக்கம். அதன் இரு முனைகளும் ஒரு மெல்லிய கம்பியால் இணைந்துவிட்டால் நூற்றுக்கணக்கான அம்பியர் மின்னோட்டம் பாயும். சில நொடிகளில் அக்கம்பி செந்நிறமாகப் பழுத்து, மேலுறை உருகிப் புகையும்.

இலண்டனின் பாதாள இரயில் எட்டாத பகுதி சட்டன். இரவுப் பணி முடிந்து அதிகாலையில் வீடு திரும்புவோருக்குக் கார் ஆடம்பரப் பொருளன்று. 2023 ஆகஸ்ட் 29 முதல் மிகக் குறை மாசு வலயம் இங்கும் விரிந்ததால், பழைய கார்களை வைத்திருந்தோர் பலர் 2006ஆம் ஆண்டளவில் அல்லது அதற்குப் பின் பதிவான பெற்றோல் கார்களுக்கு மாறினர். அவற்றுட் பலவற்றில் உள்ள வானொலிக்குக் கைத்தொலைபேசியுடன் இணையத் தெரியாது. தமிழ் வானொலியைத் தொலைபேசி வழியே கேட்க விரும்புவோர், புதிய கருவியொன்றை வாங்கி, ஞாயிறு மாலையில் வீட்டு வாசலில் வைத்துத் தாமே பூட்ட முனைகின்றனர். செய்யக்கூடிய வேலைதான், ஆனால் முறையறிந்து செய்ய வேண்டும்.

முதலில் பற்றரியின் மறை முனையைக் கழற்றுங்கள். காரின் உலோக உடல் முழுவதும் மறை முனையோடு இணைந்திருப்பதால், நேர் முனையை முதலிற் கழற்ற முயலும்போது சாவி உடலில் முட்டினால் பெரும் தீப்பொறி எழும். (ஊரில் ஓடிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களில் இது நேர்மாறாக இருந்தது. 1960களின் பிற்பகுதி வரை பிரித்தானியக் கார்கள் பெரும்பாலும் நேர் முனையையே உடலோடு இணைத்திருந்தன. அவற்றில் புதுவகை வானொலி பூட்டிய நம் ஊர் மின்வினைஞர்கள், அதன் உலோகக் கூடு காரின் உடலில் படாதவாறு காப்பிட வேண்டியிருந்தது.)

உருகி, அதாவது நாம் பியூஸ் என்பது, வானொலியைக் காப்பதற்கென்றே பலரும் நினைக்கின்றனர். அது முதன்மையாகக் காப்பது கம்பியை. கருவியின் பின்புறம் பெரும்பாலும் 10 அல்லது 15 அம்பியர் உருகி இருக்கும். அது எரிந்துபோனால் அதே அளவுள்ளதையே இடுங்கள். மீண்டும் எரிந்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்பது பொருள். 30 அம்பியர் உருகியை இடுவதும், சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றுவதும் தீக்கு வழி திறந்துவிடுவதாகும். ஒலிபெருக்கிக் கருவிக்கெனப் பற்றரியிலிருந்து தனிக் கம்பி இழுப்போர், பற்றரியிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் உருகியை வைக்க வேண்டும். இயந்திரப் பகுதியின் உலோகத் தடுப்பைக் கம்பி கடக்குமிடத்தில் இறப்பர் வளையம் இல்லையேல், துளையின் விளிம்பு நாளடைவில் உறையை அறுத்துவிடும். உருகி மறுமுனையில் இருந்தால் அங்கே காப்பு ஏதுமில்லை.

காரின் பழைய செருகியை வெட்டாதீர்கள். அந்தந்தக் காருக்குரிய இடைச்செருகி கடைகளிற் கிடைக்கும். என் முதற் காரில் நான் செருகியை வெட்டி, கம்பிகளை முறுக்கி, நாடாவைச் சுற்றிவிட்டேன். கோடை வெயிலில் பசை இளகி நாடா கழன்றது. தட்டுப் பலகைக்குப் பின்னிருந்து புகை வந்தபோதுதான் அறிந்தேன். கம்பிகளை இணைக்க நேர்ந்தால் ஈயம் பற்றவைத்து உறையிடுங்கள், அல்லது நெரித்துப் பூட்டும் இணைப்பியைப் பயன்படுத்துங்கள்.

வழமையாக மஞ்சட் கம்பி எப்போதும் மின்சாரம் பெறுவது. சிவப்பு, சாவி திருப்பினால் மட்டும் பெறுவது. கறுப்பு, உடலோடு சேர்வது. ஆயினும் கருவியின் மேலுள்ள குறிப்பையே நம்புங்கள். வொல்க்ஸ்வாகன் கார்கள் சிலவற்றில் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் உரிய இடங்கள் மாறியிருக்கும். புதிய கார்கள் பலவற்றில் சாவியின் செய்தி கணினிக் கம்பி வழியே வருவதால் சிவப்புக்கு இணையே இராது. அதற்கென்று செய்த இடைச்செருகி வேண்டும். அதைத் தவிர்க்கச் சிவப்பையும் மஞ்சளோடு சேர்த்துவிட்டு, கருவியை அணைக்க மறந்தால், மறுநாள் பணிக்குப் புறப்படும்போது பற்றரி செத்திருக்கும். நீலக் கம்பியை விட்டுவிட்டால் பல கார்களில் அலைவாங்கிக்கு மின்சாரம் கிடையாமல் ஒலி மங்கும்.

வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதாக் கம்பிகள் ஒலிபெருக்கிகளுக்கு உரியவை. கறுப்புக் கோடிட்டவை மறைக் கம்பிகள் என்றாலும், அவற்றைக் காரின் உடலோடு சேர்க்கலாகாது. சேர்த்தால் கருவியின் உட்பகுதி பழுதாகும். மஞ்சள் உறையிட்ட தடித்த கம்பித் தொகுதியோ மஞ்சட் செருகியோ கண்ணிற் பட்டால் கைவைக்காதீர்கள். அது பெரும்பாலும் விபத்துக் காற்றுப் பைக்கு உரியது.

திரையுள்ள கருவியை வாங்குவோர் ஒன்றை மனங்கொள்க. சாரதியின் பார்வையிற் படும் திரையில், ஓட்டும்போது படம் ஓட விடுவதை 1986ஆம் ஆண்டு வாகன ஒழுங்குவிதிகள் தடைசெய்கின்றன. காப்புறுதி நிறுவனத்திற்கும் மாற்றத்தை அறிவித்துவிடுங்கள்.

கருவியைக் குழிக்குள் தள்ளுமுன், பின்னால் கம்பி எதுவும் நசிபடவில்லை என்று பாருங்கள். பின் மறை முனையைப் பூட்டி, சாவியைத் திருப்பி, நான்கு ஒலிபெருக்கிகளையும் தனித்தனியே கேளுங்கள். நிலையங்களைப் பதிவுசெய்து, சாவியை எடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் திருப்புங்கள். பதிந்தவை அழிந்திருந்தால் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கின்றன.