எறவாணமும் ஏசி பெட்டியும்

வலை கட்ட வந்தவர் டேப்பை எடுக்கவே இல்லை. பால்கனி ஓரத்தில் மண்டியிட்டு, ஏசி அவுட்டோர் பெட்டிக்குப் பின்னால் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார்.

"ரெண்டு முட்டை கிடக்குண்ணே. இன்னைக்கு ஆகாது. குஞ்சு பறந்ததும் போன் போடுங்க. அசந்துட்டீங்கன்னா அடுத்த ஈடு வச்சிரும், பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கிப் போனார்.

மதுரையில் திருப்பாலைப் பக்கம் நான்காவது மாடியில் எங்கள் வீடு. புறா அடைகாக்கப் பதினெட்டு நாள், குஞ்சு இறகு முளைத்துப் பறக்க இன்னொரு மாதம். ஆக ஒன்றரை மாதம் அந்த மூலை எங்களுடையது இல்லை. கூடு என்று சொல்லக்கூட அங்கே ஒன்றும் கிடையாது. நாலு விளக்குமாற்றுக் குச்சி, ஒரு துண்டுக் கம்பி, மிச்சமெல்லாம் எச்சம். பறவைகளில் இதைப்போல் சோம்பேறிக் கொத்தன் வேறு இல்லை.

நான் வளர்ந்தது சோழவந்தான் பக்கம் ஒரு ஓட்டு வீட்டில். அங்கே எங்களுக்கு வழக்கு சிட்டுக்குருவிகளோடு. கைமரம் சுவரில் வந்து உட்காரும் இடத்தில் ஒரு கை நுழையும் சந்து இருக்கும். கூரை இறங்கும் அந்த ஓரம்தான் எறவாணம். அதில் பன்னரிவாள், தாத்தாவின் குடைக்கம்பு, பழைய ரசீதுக் கட்டு எல்லாம் செருகியிருக்கும். அதற்கு மேலே உள்ள இடம் குருவிக்கு. அங்கே இடம் போதாவிட்டால் சாமி படத்துக்குப் பின்னால் வரும். படங்களைச் சுவரோடு ஒட்டி மாட்டாமல் மேல்பக்கம் முன்னால் சரிந்து நிற்கும்படி கயிறு கட்டி மாட்டிய காலம் அது. குருவிக்கென்றே செய்து வைத்த அலமாரி போல இருக்கும்.

சாப்பிட உட்கார்ந்தால் சோற்றில் வைக்கோல் விழும். அம்மாவுக்குக் கோபம் வரும். ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு நான் கிளம்பினால் அப்பத்தா திண்ணையிலிருந்தே குரல் கொடுப்பார்: "கூட்டக் கலைக்காதய்யா. குஞ்சு இருக்கும். அந்தப் பாவம் சும்மா விடாது." அறுப்பு முடிந்ததும் நெற்கதிரைக் குஞ்சமாகப் பின்னி நிலைக்கு மேலே தொங்கவிடுவதும் அவர்தான். அது குருவி கொத்துவதற்கு. கூடு கட்டாதே என்று விரட்டுவது ஒரு கை, வந்து தின்னு என்று கூப்பிடுவது இன்னொரு கை.

ஆனால் அந்தக் காலத்து மனிதர்கள் பறவைக்கு வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று யாராவது உருகினால் நம்ப வேண்டாம். ஓட்டுக்கு அடியில் குருவியும் மைனாவும் திணிக்கும் வைக்கோல் பெரிய தொல்லை. மழைத்தண்ணீர் ஓட்டின் பள்ளத்தில் வழிந்து இறங்காமல் அந்த வைக்கோலில் தேங்கி உள்பக்கம் சொட்டும். கைமரம் இற்றுப்போகும். முட்டையைத் தேடிச் சாரைப்பாம்பு கூரை ஏறும். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்னால், ஓடு மாற்ற ஆள் வரும். உடைந்த ஓட்டைக் கழற்றி, கூளத்தை வாரிக் கொட்டி, முகட்டோட்டுச் சந்தைச் சுண்ணாம்புக் காரையால் பூசி அடைப்பார். எறவாணச் சந்தை மட்டும் அடைக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கூரைக்குக் காற்றுப்போக்கு அந்த வழியாகத்தான். குருவிக்குக் கிடைத்த உரிமையில் பாதி அப்பத்தாவின் பாவ புண்ணியம், பாதி அந்தக் காற்று.

புறா அப்போது ஊர்க்காட்டு வீடுகளுக்கு வராது. அது மாடங்களின் பறவை. மாடப்புறா என்ற பெயரே அதைச் சொல்கிறது. பாண்டியன் நெடுஞ்செழியனைப் பற்றியது என்று சொல்லப்படும் நெடுநல்வாடையில், வாடைக் குளிரில் இரைதேடக் கீழே இறங்காமல் மாளிகையின் கூரைப் பலகையில் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கும் வீட்டுப் புறாக்களை நக்கீரர் காட்டுகிறார். மழைநாளில் எங்கள் ஏசி பெட்டி மேல் நிற்பதும் அப்படியேதான்.

கோயில் கட்டிய சிற்பிகளும் இந்தப் பறவையைக் கவனித்திருக்கிறார்கள். கூரை விளிம்பில் முன்னால் நீண்டு வளைந்து இறங்கும் கொடுங்கைக்குச் சிற்ப நூல்கள் வைத்த பெயர் கபோதம். கபோதம் என்றால் புறா. அந்தக் கபோதத்தின் முகப்பில் லாடம்போல் வரிசையாக வரும் வளைவுக்குப் பெயர் கூடு. கல்லில் செதுக்கிய விளிம்புக்குப் புறா என்றும் அதன் அலங்காரத்துக்குக் கூடு என்றும் பெயர் சொன்னவர்கள், நிஜப் புறா வந்து உட்கார்ந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். 1636இல் திருமலை நாயக்கர் கட்டிய மகாலில் அண்ணாந்து பார்த்தால் இன்றும் சுதை வேலைப்பாட்டின் மடிப்புகளில் புறாதான். அதன் எச்சத்தில் இருக்கும் அமிலம் சுண்ணாம்பை மெல்ல அரிக்கும் என்பதுதான் அங்கே சங்கடம்.

பிறகு ஓடு போனது. கைமரம் போய்க் கான்கிரீட் வந்தது. தளம் சுவரோடு ஒட்டி வார்க்கப்பட்டதும் சந்து என்பதே வீட்டில் இல்லாமல் போயிற்று. ஜன்னலுக்குக் கொசுவலை, சுவரோடு ஒட்டிய ஆணிப் படம். கீழமாசி வீதிப் பலசரக்குக் கடைகளில் திறந்த சாக்கிலிருந்து தானியம் சிந்திய காலம் மாறி எல்லாம் பாக்கெட்டுக்குள் போனது. சிட்டுக்குருவியைச் செல்போன் கோபுரம் கொன்றது என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். உறுதியான சான்று கிடையாது. துவாரம் இல்லை, குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி இல்லை என்பது அதைவிட நேரான காரணமாக எனக்குப் படுகிறது. 2020இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சென்னை, பெங்களூரு போன்ற ஆறு பெருநகரங்களில் குருவி குறைந்திருந்தாலும் நாடு முழுவதும் பார்த்தால் ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்றது. ஊரில் இருக்கிறது, நம் வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

குருவிக்குச் சந்தை அடைத்த அதே கையால் புறாவுக்கு மலை கட்டினோம். காட்டுப் புறாவின் பிறந்த வீடு பாறை விளிம்பு. ஐந்து மாடிக் குடியிருப்பு அதன் கண்ணுக்குக் குன்று, சன்ஷேடு பாறைத்திட்டு, ஏசி பெட்டிக்குப் பின்புறம் குகை. ஆனால் நிஜக் குன்றில் இருக்கும் ஒன்று இங்கே இல்லை. மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி, 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அதன் பாறைகளில் லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் வாழ்கின்றன. புறாவைப் பறக்கும்போதே அடித்துத் தூக்கும் பறவைகள் அவை. திருப்பாலைக்கு வல்லூறு வேலைக்கு வராது. அதனால் பிளாஸ்டிக் ஆந்தை வாங்கி வைக்கிறோம்.

ஆந்தை ஒரு வாரம் வேலை செய்தது. அதற்கப்புறம் அதன் தலையிலேயே எச்சம். பழைய சிடிகளை நூலில் கட்டித் தொங்கவிட்டோம். புறாக்கள் அதைக் கண்ணாடியாகப் பாவித்துக்கொண்டன என்று நினைக்கிறேன். கீழ்வீட்டுக்காரர் முள்பட்டை ஒட்டினார். அது உட்காரவிடாது என்பது உண்மை, ஆனால் முள்ளுக்கு இடையிலேயே குச்சி வைத்துக் கூடு முடைந்த சாமர்த்தியத்தையும் அவர் வீட்டிலேயே பார்த்தேன். விளிம்பின் மேல் பலகையையோ தகட்டையோ நன்றாகச் சாய்த்துப் பதித்தால் கால் வழுக்கும், நிற்க முடியாது. அதற்கு அடுத்தது வலை. மொட்டைமாடியில் சோலார் தகடு போட்டவர்களுக்குத் தனிப் பாடு. தகட்டுக்கும் தளத்துக்கும் இடையே ஒரு முழ இடைவெளி, நிழல், மழை படாது. புறாவுக்கு இதைவிட நல்ல ஓட்டு வீடு கிடைக்குமா? தகட்டைச் சுற்றிக் கம்பிவலைப் பாவாடை கட்டினால்தான் விடியும்.

இது வெறும் அசுத்தப் பிரச்சினையும் இல்லை. காய்ந்த எச்சத்தின் தூள் தொடர்ந்து மூச்சில் ஏறினால் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமையால் வீங்கித் தழும்பேறிவிடும். எங்கள் வீட்டில் முதலில் செய்த தப்பு, விளக்குமாற்றால் வறட்டு வறட்டென்று பெருக்கியது. தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு வழித்தெடுக்க வேண்டும். 2025 ஜூலையில் மகாராஷ்டிர அரசு மும்பையின் 51 கபூதர்கானாக்களை, அதாவது புறாவுக்குத் தானியம் போடும் இடங்களை, மூடச் சொன்னதற்கும் இந்த நுரையீரல்தான் காரணம். அங்கே தாதர் பகுதியில் மூடிப் போட்ட தார்ப்பாயைப் பக்தர்கள் கிழித்துக்கொண்டு உள்ளே போனார்கள். புறாவுக்குத் தானியம் போடுவது அவர்களுக்குப் புண்ணியம். எனக்கு அப்பத்தா ஞாபகம் வந்தது. ஆனால் அவர் கட்டியது ஒரு குஞ்சக் கதிர், மூட்டை மூட்டையாகக் கொட்டவில்லை.

அந்தப் பழைய மனசு இந்தச் சமவெளியில் முழுக்க வற்றிவிடவும் இல்லை. 2020இல், ஊரடங்குச் சமயத்தில், பக்கத்துச் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்னக் குருவி கூடு வைத்துவிட்டது. சுவிட்சைத் தொட்டால் கூடு கலையும். ஊர் கூடிப் பேசி, குஞ்சுகள் பறக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேல் தெருவை இருட்டிலேயே வைத்திருந்தது. ஒரு பால்கனிக்கு ஒன்றரை மாதம் காத்திருந்ததைப் பெரிய தியாகம்போல் சொல்லிக்கொண்டிருந்த நான், அதை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

நாற்பத்தெட்டாம் நாள் இரண்டு குஞ்சும் எதிர் மாடிக்குப் பறந்தன. அன்று சாயங்காலமே போன் போட்டேன். மறுநாள் வலைக்காரர் வந்து, மூலையைக் கழுவச் சொல்லி, கொக்கி அடித்து, வலையை இழுத்துக் கட்டினார். தொய்வாக விட்டால் புறா மாட்டிக்கொண்டு செத்துப்போகும் என்று ஒவ்வொரு முனையையும் விரலால் சுண்டிப் பார்த்தார். ஐம்பது மில்லிமீட்டர் கண், நைலான் இழை. தூரத்திலிருந்து பார்த்தால் வலை இருப்பதே தெரியாது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை. அவுட்டோர் பெட்டி மேல் ஒரு வைக்கோல் துண்டு. பிறகு இன்னொன்று. சிட்டுக்குருவி ஒன்று சிறகை ஒடுக்கி வலைக்கண்ணுக்குள் நுழைந்து வந்தது, கழுத்தடியில் கறுப்பு, ஆண். மனைவி காபியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் வலைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அதுக்குச் சின்னக் கண்ணு வலை இருக்குண்ணே, இருபது எம்எம். நாளைக்கு வந்து மாத்திவிட்றவா?"

ஐப்பசி முடியட்டும், சொல்கிறேன் என்றேன்.