பில்லில் இல்லாத பெயர்

அந்த அக்கா எங்கள் முன் எடுத்து வைத்தது ஒரு ஜவுளிக்கடைப் பை. உள்ளே ரேஷன் அட்டை, ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக், திரை நொறுங்கிய ஒரு செல்போன். "இவ்ளோதான் தம்பி இருக்கு. அவரு எங்க வேல செஞ்சாருன்னு காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்ல" என்றார்.

அவருடைய கணவர் ஒன்பது வருடம் செப்டிக் டேங்க் லாரியில் போனவர். பேரூராட்சி ஒன்றின் பொதுக்கழிப்பிடத் தொட்டியில், குழாய் உறிஞ்சாத மண்டியை வாரிவிட இறங்கியவர் மேலே வரவில்லை. லாரி உரிமையாளர் காவல் நிலையத்தில் சொன்னது இது: "அவரு என் ஆளு இல்லீங்க. கூட வந்தாரு, தானா இறங்கிட்டாரு." பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டால், "வேலைய கான்ட்ராக்ட் விட்டாச்சு, ஆளு யாருன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்கள். ஒரு மனிதர் வேலை செய்யும்போது செத்துப்போனார். அவரை வேலைக்கு வைத்தவர் என்று மட்டும் யாரும் இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டோம். வேலை உத்தரவு, ஒப்பந்ததாரர் கொடுத்த பில், பணம் கொடுத்த வவுச்சர் எல்லாம் வந்தன. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. பில்லில் 'கழிவுநீர் அகற்றும் பணி, மொத்தத் தொகை' என்று ஒரே வரி. அதில் வருமான வரி பிடித்ததற்குக் கணக்கு இருந்தது. ஒப்பந்ததாரரின் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் இருந்தன. தொட்டிக்குள் எத்தனை பேர் இறங்கினார்கள், யார் இறங்கினார்கள், அவர்களுக்கு எவ்வளவு கூலி என்பதற்கு அந்தக் கட்டில் ஒரு தாள்கூட இல்லை.

ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கும் பணத்தை நம் நாடு எவ்வளவு கவனமாகப் பார்க்கிறது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ, ஒரு நிதியாண்டில் மொத்தம் 1 லட்சத்தைத் தாண்டினாலோ, பணம் கொடுக்கும் அலுவலகம் வரி பிடித்தாக வேண்டும். தனிநபர் என்றால் 1 சதவீதம், நிறுவனம் என்றால் 2 சதவீதம். பான் எண் தராதவரிடம் 20 சதவீதம். பிடித்த தொகையை யாரிடம், எந்தத் தேதியில் பிடித்தோம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமான வரித் துறைக்கு அறிக்கை தர வேண்டும். தவறினால் அபராதம். அதனால் எந்த அலுவலகமும் இதை மறப்பதில்லை. எழுதி வைப்பதற்கு ஆள் இல்லை, நேரம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப முடியாமல் போவது இதனால்தான்.

தொட்டிக்குள் ஆளை இறக்குவதற்கும் எழுத்தில் அனுமதி வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்து 2013இல் வந்த சட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 6 அன்று, அம்பேத்கர் நினைவு நாளில், நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகளின்படி பாதாளச் சாக்கடையில் ஆள் இறங்கலாம் என்பது சில சிறப்பு நிலைமைகளில் மட்டும்தான். வேறு வழியே இல்லை என்றால் உள்ளாட்சி அமைப்பின் தலைமை அலுவலர் காரணத்தை எழுதிப் பதிவு செய்து அனுமதி தர வேண்டும். பாதுகாப்புக் கருவிகள் இருக்க வேண்டும். தொழிலாளிக்குக் குறைந்தது 10 லட்ச ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு இருக்க வேண்டும். அதன் பிரீமியத்தை வேலை கொடுப்பவரே கட்ட வேண்டும். நகர்ப்புறங்களில் செப்டிக் டேங்க் கழிவை எடுக்கும் வண்டிகள் உள்ளாட்சி அமைப்பிடம் உரிமம் வாங்குவதைக் கட்டாயமாக்கி 2022இல் தமிழ்நாடு அரசும் சட்டத்தைத் திருத்தியது.

இந்த அனுமதிப் பதிவேட்டைக் கேட்டதற்கு எங்களுக்கு வந்த பதில், 'அவ்வாறு பதிவேடு பராமரிக்கப்படவில்லை'. எனக்கு அந்தப் பதில் பயன்பட்டது என்பதுதான் உண்மை. அனுமதி இல்லாமல்தான் ஆள் இறங்கினார் என்பதை அலுவலகமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டது.

அந்த அனுமதிச் சீட்டு வெறும் தாள் இல்லை. அதில் கையெழுத்துப் போடப் போகிறவர், காற்றுச் சோதித்தாயிற்றா என்று கேட்டாக வேண்டும். மூடிக்கிடந்த தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் தேங்கியிருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைக்கும் நேரம்தான் அதிக ஆபத்து. விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் இறக்கிப் பார்க்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. விளக்கு எரிந்தால் விஷவாயு இல்லை என்று அர்த்தமில்லை. மீத்தேன் இருந்தால் தொட்டியே தீப்பிடிக்கும். மயங்கியவரைத் தூக்க இரண்டாவது ஆள் இறங்குவார், பிறகு மூன்றாவது ஆள். ஒரே தொட்டியில் அண்ணன் தம்பி சேர்ந்து சாவது இப்படித்தான்.

அப்படி இறங்குகிறவர்களில் பெரும்பாலானோர் அருந்ததியர்கள். மற்றவர்களும் அநேகமாகப் பட்டியல் சாதியினரே. டெண்டர் எடுப்பவர் யார், லாரி வாங்கியவர் யார் என்று பார்த்தால் அந்தப் பட்டியல் வேறு மாதிரி இருக்கும். 1993 முதலான இறப்புக் கணக்கில் மாநிலங்களிலேயே முன்வரிசையில் நிற்பது தமிழ்நாடு. சமூகநீதி பேசும் மேடைகளில் இந்த ஒரு கணக்கை நாம் வேகமாகக் கடந்துபோகிறோம்.

'கான்ட்ராக்ட் விட்டாச்சு' என்ற பதிலுக்கு வருகிறேன். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கும்போது வேலை கொடுத்த நிறுவனத்தின் பிரதிநிதி பக்கத்தில் நின்று, கொடுத்த தொகையைச் சான்றளிக்க வேண்டும். ஒப்பந்ததாரர் கூலி கொடுக்காவிட்டால் நிறுவனமே கொடுக்க வேண்டும். ஆனால் அது 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குத்தான். லாரியில் போவது மூன்று பேர், நான்கு பேர். அதன் இடத்தில் கொண்டுவரப்பட்ட புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் அந்த 20ஐ 50 ஆக்கிவிட்டது.

2013ஆம் ஆண்டுச் சட்டம் தலையெண்ணிப் பார்ப்பதில்லை. 'நேரடியாகவோ மறைமுகமாகவோ' யாரையும் ஆபத்தான முறையில் கழிவுத்தொட்டியைச் சுத்தம் செய்ய ஈடுபடுத்தக் கூடாது என்கிறது அதன் 7ஆம் பிரிவு. மீறினால் முதல்முறை 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறைமுகம் என்ற அந்த ஒரு சொல்லுக்குள் கான்ட்ராக்ட் விட்ட அலுவலகமும் வரும். லாரிக்காரரிடம் மொத்தமாகப் பேசிவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரரும் வருவார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜே) பிரிவும் பட்டியல் சாதியினரை இந்த வேலையில் ஈடுபடுத்துவதைக் குற்றம் என்கிறது. முதல் தகவல் அறிக்கையில் இந்தப் பிரிவுகள் இருக்கின்றனவா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். கவனக்குறைவால் மரணம் என்று மட்டும் எழுதி முடிப்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் என்றது. 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அதைக் கேட்டுப் போகும் குடும்பத்திடம், 'அவர் அங்கே வேலை செய்தார் என்பதற்கு ஆதாரம் என்ன?' என்ற கேள்விதான் முதலில் வரும்.

அந்த அக்காவின் பையில் இருந்த செல்போனை அப்போதுதான் கையில் எடுத்தேன். திரை மாற்றக் கடைக்காரர் 1,400 ரூபாய் கேட்டார். கல்லூரியில் படிக்கும் தம்பிகள் இருவர் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். மகன் பாஸ்வேர்ட் போட்டுத் திறந்தான். லாரி உரிமையாளர் எண்ணிலிருந்து சனிக்கிழமை சனிக்கிழமை ஜிபேயில் பணம் வந்திருந்தது. சில வாரம் 2,100, சில வாரம் 2,800. இரண்டு வருடத்துக்கு அப்படியே இருந்தது. இறந்த அன்று காலை 6 மணிக்கு அதே எண்ணிலிருந்து இரண்டு அழைப்புகள்.

இந்த வேலைக்குப் போகும் அண்ணன்மாரிடம் நான் கேட்பது, கூலியைக் கையில் வாங்காதீர்கள், கணக்கில் வாங்குங்கள். எந்த ஊர், எந்தத் தெரு, லாரி எண் என்ன என்பதை வீட்டு ஆளுக்கு ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவாகவாவது போட்டுவிடுங்கள். படிக்கிற பிள்ளைகள் இருந்தால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு மனுவில் உங்கள் உள்ளாட்சியிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: உரிமம் பெற்ற கழிவு வண்டிகளின் பட்டியல், ஆள் இறங்க எழுத்தில் கொடுத்த அனுமதிகளின் நகல், கழிவு அகற்றும் பில்களோடு இணைக்கப்பட்ட தொழிலாளர் கூலிப் பட்டியல். 30 நாளில் பதில் தர வேண்டும். ஊராட்சி என்றால் மே 1 கிராம சபையிலேயே கேட்கலாம். எங்கேயாவது ஆள் இறங்குவதைப் பார்த்தால் உடனே 14420 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

ஆட்சியருக்கான மனுவோடு ஜிபே பதிவுகளை அச்செடுத்து இணைத்தோம். மொத்தம் 41 பக்கம். திங்கட்கிழமை குறைதீர் நாளில் வரிசையில் நின்றபோது அக்கா முதல் பக்கத்தைத் தடவிப் பார்த்து, "இதுல எங்க தம்பி அவரு பேரு வருது?" என்று கேட்டார். காட்டினேன்.