பிறப்பிடமும் சுங்கவரியும்

மலைத்தோட்ட விவசாயிகளின் சங்கமொன்றில் பொதுக்குழுக் கூட்டம் முடிந்த வேளையில், மிளகு பயிரிடும் முதிய அங்கத்தினர் ஒருவர் நம்மிடம் ஒரு வினா எழுப்பினார். "ஐயா, வெளிநாட்டு மிளகுக்குப் பாதிக்குப் பாதி வரி என்கிறார்கள். அவ்வளவு வரியும் கட்டிக்கொண்டு, அது எப்படி நம் மிளகைவிடக் குறைந்த விலைக்குச் சந்தையில் நிற்கிறது?" அன்று நாம் சொன்ன விடை அரைகுறையானது. நிறைவான விடையை இவ்விதழ் வாயிலாகக் கூற விழைகின்றோம். நெசவாளர்க்கும் இதில் செய்தி உண்டு.

நாட்டிற்குள் வரும் சரக்கின் மதிப்பின்மேல் அரசு விதிப்பது சுங்கவரி. கருவூலத்திற்கு வருவாய் தேடுவதும், உள்நாட்டு உற்பத்தியாளரைக் காப்பதும் அதன் நோக்கங்கள். சாதாரணமாக ஒரு சரக்கு எந்நாட்டிலிருந்து வரினும் வரி விகிதம் ஒன்றே. ஆனால் தடையிலா வர்த்தக உடன்படிக்கை செய்துகொண்ட நாடுகள் தமக்குள் மட்டும் அவ்விகிதத்தைக் குறைத்துக்கொள்கின்றன. ஆகவே ஒரே மிளகுக்குப் பலவித வரிகள் ஏற்பட்டுவிடுகின்றன. எவ்வரி பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது அம்மிளகு விளைந்த மண்ணே.

தென்கிழக்காசிய நாடுகளின் அமைப்பாகிய ஆசியானுடன் இந்தியா செய்துகொண்ட சரக்கு வர்த்தக உடன்படிக்கை 2009 ஆகஸ்டு 13ஆம் நாள் பாங்காக்கில் கையெழுத்தாயிற்று. 2010 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வரத் தொடங்கிற்று. அப்போது ஆசியானில் இருந்த நாடுகள் பத்து. பெரும்பாலான சரக்குகளின் வரி படிப்படியாக அறவே நீங்க வேண்டும் என்பது ஏற்பாடு. 489 இனங்களுக்கு இந்தியா சலுகை தரவில்லை. ஐந்து விளைபொருள்கள் தனிப் பட்டியலில் வைக்கப்பட்டன. அவற்றுள் மிளகின் வரி 70 சதவிகிதத்திலிருந்து 50க்கும், காப்பி, தேயிலை ஆகியவற்றின் வரி 100லிருந்து 45க்கும், கச்சாப் பனை எண்ணெயின் வரி 80லிருந்து 37.5க்கும், சுத்திகரித்த பனை எண்ணெயின் வரி 90லிருந்து 45க்கும் 2019 இறுதிக்குள் இறங்குமாறு வகுக்கப்பட்டது.

இவ்விகிதங்கள் உச்ச வரம்புகளே என்பதை மறத்தலாகாது. உள்நாட்டு விலையேற்றத்தை முன்னிட்டு 2008 ஏப்ரலிலேயே நம் அரசு கச்சாப் பனை எண்ணெய்க்கு வரியை முற்றிலும் நீக்கியிருந்தது. உடன்படிக்கை அமலுக்கு வந்த நாளிலும் அவ்வரி இல்லை. கடலை, தென்னை விவசாயிக்கு அன்று நேர்ந்த போட்டிக்கு உடன்படிக்கையை மட்டும் காரணம் கூறுதல் பொருந்தாது.

இனி மிளகுக்கு வருவோம். உலகில் மிளகு மிகுதியாக விளைவது வியட்நாமில். அது ஆசியான் நாடு. அதன் மிளகு மேற்சொன்ன உயர்ந்த வரியைக் கட்டியாக வேண்டும். இலங்கையின் நிலை வேறு. 1998இல் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் அமலுக்கு வந்த இந்திய-இலங்கை உடன்படிக்கையின்கீழ் ஆண்டுக்கு 2,500 டன் இலங்கை மிளகுக்கு வரியில்லை என்றாயிற்று. தெற்காசிய நாடுகளின் பொது உடன்படிக்கைப்படி அந்நாட்டு மிளகுக்கு வரி 8 சதவிகிதமே.

கணக்கிற்காக, கிலோ 300 ரூபாய் மதிப்புள்ள மிளகைக் கொள்வோம். வியட்நாம் மிளகென்றால் 50 சதவிகித வரி 150 ரூபாய், அடக்கவிலை 450. இலங்கை மிளகென்றால் 8 சதவிகித வரி 24 ரூபாய், அடக்கவிலை 324. வியட்நாம் மிளகை இலங்கை மிளகென்று காட்டுவோர்க்குக் கிலோவுக்கு 126 ரூபாய் ஆதாயம். வரியில்லா ஒதுக்கீட்டில் நுழைந்தால் 150 ரூபாயும் மிச்சம். இவ்வழியில் சரக்கு வருகிறதென்று கேரள, கருநாடக விவசாயிகள் பன்முறை முறையிட்டனர். இதனால் இலங்கை விவசாயியை நொந்துகொள்வதற்கில்லை. அவர் நாட்டுச் சரக்கின் நற்பெயரும் அல்லவா கெடுகிறது?

2017 டிசம்பரில் அரசு கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை நிர்ணயித்தது. ஆயின் வரியே இல்லாத இடத்தில் விலையைக் கூட்டி எழுதினால் கூடுதல் வரிச்செலவு ஏதுமில்லை. எனவே விலை விதி மட்டும் போதாது; பிறப்பிடச் சோதனை வேண்டும். 2020 செப்டம்பர் 21 முதல், சலுகை வரி கோரும் இறக்குமதியாளர் பிறப்பிடச் சான்றிதழுடன் நில்லாமல், சரக்கு எவ்வாறு அத்தகுதி பெற்றது என்னும் விவரங்களையும் வைத்திருத்தல் வேண்டும் என்று சுங்க விதிகள் இயற்றப்பட்டன. அங்கத்தினரின் வினாவுக்கு விடை இதுவே: மதில் எத்துணை உயரமாயினும், எவர் எங்கிருந்து வருகிறார் என்று வாயிலில் கேளாவிடில் காவல் இல்லை.

நெசவாளர்க்கு இதே விதி எதிர்ப்புறமாக நின்று பயன் தருவது. ஆசியான் நாடொன்றிற்கு நம் துண்டோ விரிப்போ செல்லும்போது அங்குள்ள வாங்குவோர் சலுகை வரி பெற, இங்கிருந்து பிறப்பிடச் சான்றிதழ் போக வேண்டும். பொது விதி இது: கப்பலேற்றும் விலையில் குறைந்தது 35 சதவிகிதம் இந்தியாவிலோ ஆசியான் நாடுகளிலோ உண்டான மதிப்பாயிருத்தல் வேண்டும், வெளி நாட்டுப் பொருள் சேர்ந்திருப்பின், சுங்க அட்டவணையில் அதற்குரிய ஆறிலக்க எண் உற்பத்தியால் மாறியிருத்தலும் வேண்டும். நூல் துணியானால் எண் மாறிவிடும். நம் நாட்டு நூலில் நம் தறியில் நெய்த துணிக்குத் தகுதி பற்றிக் கவலையில்லை, நிரூபிப்பதில்தான் கவலை.

நாம் தணிக்கை செய்த நெசவாளர் சங்கமொன்றில் ஏற்றுமதியாளர் நூல் கொள்முதல் பட்டியல்களைக் கேட்டார். பட்டியல்கள் இருந்தன, எந்த நூல் எந்தத் துணிக்குப் போயிற்று என்பதற்குக் குறிப்பில்லை. அந்த ஆர்டர் வேறிடம் சென்றது. இருபதுக்கு மேற்பட்ட தறிகள் அம்மாதம் பாவின்றி நின்றதைக் கண்டோம்.

ஆதலின் நெசவாளர் சங்கங்கள் நூல் வரவுக்குத் தொகுதி எண் இட்டு, அதே எண்ணைப் பாவு வழங்கும் பதிவேட்டிலும், கூலிப் பட்டியலிலும், துணி இருப்புப் புத்தகத்திலும் எழுதி வருதல் வேண்டும். விவசாயிகள் சங்கங்கள் அங்கத்தினர்வாரியாகப் பரப்பு, விளைச்சல், விற்ற நாள், கிடைத்த விலை ஆகியவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். ஆசியான் உடன்படிக்கையை மறு ஆய்வு செய்ய இருதரப்பும் 2023இல் இசைந்தன. இத்தகைய பேச்சுகளில் நம் குறையை அரசு எடுத்துரைக்க வேண்டுமானால், வெறும் முறையீடு போதாது, கணக்கு வேண்டும். அக்கணக்கை எழுதும் பேனா சங்கக் காரியதரிசியின் கையில் இருக்கிறது.