ஆழ்கடற் கருவிகளும் மின்வடச் சோதனையும்

கடல்நீரின் உவர்த்தன்மையையும் வெப்பநிலையையும் ஆழந்தோறும் அறிதற்கு, முன்னாளில் ஆராய்ச்சியாளர் நீர்க்கலங்களையும் தலைகீழாய்ப் புரளும் வெப்பமானிகளையும் உருக்குக் கயிற்றிற் கட்டி இறக்கினர். கயிறு அறாதிருப்பின் அதுவே போதும். இன்றோ கடத்துதிறன், வெப்பநிலை, ஆழம் என்பவற்றை ஒருங்கே அறியும் மின்கருவி இறக்கப்படுகின்றது. அதனைத் தாங்கும் வடமே அதற்கு மின்வலுவை ஊட்டுகின்றது. அளவீடுகளை மேலே கொணர்வதும் அதுவே. ஆதலின் வடத்தின் வலிமையோடு அதன் மின்னியல்பும் சோதிக்கப்படல் வேண்டும்.

இவ்வடத்தின் நடுவே செப்புக் கடத்தியும், அதைச் சூழக் காவலியுறையும், அதன்மேல் இரண்டடுக்கு உருக்குக் கம்பிகளும் அமைந்துள்ளன. செம்பின் வழியே சென்ற மின்னோட்டம் பெரும்பாலும் உருக்கின் வழியே மீளும். கடல்நீர் மின்னைக் கடத்துவதாதலின், காவலியில் ஊசித்துளை ஒன்றிருப்பினும் மின் கசியும். ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. 5000 மீற்றர் ஆழத்தில் அது 500 வளிமண்டலமாகும். மேற்றளத்திற் செம்மையாய்த் தோன்றிய இணைப்பினுள்ளும் அங்கே நீர் புகக்கூடும். வினாடிக்கு ஒரு மீற்றர் வீதம் இறக்கி ஏற்றுவதற்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் செல்லும். இணைப்புப் பழுதானால் அவ்வளவும் வீணாம்.

சோதிப்போர் விடைகாண வேண்டிய வினாக்கள் இரண்டு. மின்பாதை முற்றாகத் தொடர்ந்துள்ளதா என்பது முதலாவது. வடத்தின் இரு முனைகளிலுமுள்ள கருவிகளைக் கழற்றி, கடல்முனையிற் செம்பையும் உருக்கையும் இணைத்து, கப்பல்முனையில் தடையை அளப்பர். முன்னைப் பதிவினும் தடை மிக்கிருப்பின், இணைப்பில் அரிப்பு உண்டென ஐயுறலாம். உருளையைச் சுழற்றும்போது அளவு தடுமாறுமாயின், சுழலும் உருளைக்கு மின் செல்லும் நழுவு வளையங்களை ஆராய்தல் வேண்டும்.

மின் கசிகின்றதா என்பது இரண்டாவது. இப்போது கடல்முனையைப் பிரித்து, நன்கு உலர்த்தி, ‘மெகர்’ எனப்படும் காவலித்தடைமானியாற் பெரும்பாலும் 500 உவோற்று அழுத்தம் கொடுப்பர். நெடுவடம் இலீடன் சாடி போல மின்னேற்றத்தைத் தேக்குவதால், அளவு படிப்படியாக உயரும். ஒரு நிமிடம் பொறுத்தே அதனைக் குறித்தல் வேண்டும். பின்னர் மின்னிறக்கஞ் செய்யாது முனையைத் தொடுதல் ஆபத்தாகும். புதிதாய் அமைத்த இணைப்பை உப்புநீரில் ஊறவைத்து மீண்டும் சோதிப்பது நன்று.

கருவியைக் கழற்றாது மெகரை இயக்கின், அவ்வழுத்தம் கருவியையே அழித்துவிடும். மிகையழுத்தத்தின் தீமையை வரலாறும் காட்டுகின்றது. 1858 இல் இடப்பட்ட அத்திலாந்திக்குத் தந்திவடம் முன்னமே குறைபாடுடையது. உவைற்றவுசு என்பார் ஏறத்தாழ 2000 உவோற்றைச் செலுத்தியமை அதன் அழிவை விரைவாக்கிற்று. சில வாரங்களில் அது ஊமையாயிற்று. உவில்லியம் தொம்சன் என்னும் அறிஞரோ, நுண்ணிய மின்னோட்டத்தையும் காட்டும் ஆடிக் கல்வனோமானியைக் கையாண்டார். வன்மையினும் நுண்மையே பயன்றருமென்பது இதனாற் பெறப்படும்.

ஒருநாள் அளவீட்டினும் பல நாட் பதிவே உண்மையை உரைக்கும். ‘நன்று’ எனக் கொள்ளத்தக்க தடையாயினும், பயணந்தோறும் அது குறைந்துவரின், அக்குறைவே வரவிருக்கும் பழுதின் முன்னறிவிப்பாகும். கடலாராய்ச்சியின் பேறு ஆழத்திற் கிடைப்பதாயினும், அதற்கான காவல் மேற்றளத்திலேயே தொடங்குகின்றது.