மணலில் விளையும் சர்க்கரை

எகிப்தில் இன்று கரும்பைவிட அதிகமாகச் சர்க்கரை தருவது சுகர்பீட். வெளிறிய நிறமும் கூம்பு வடிவமும் கொண்ட இந்தக் கிழங்கின் எடையில் 15 முதல் 20 விழுக்காடு சர்க்கரை. 1982-இல் நைல் டெல்டாவின் கஃபர் எல் ஷேக் பகுதியில் சர்க்கரை ஆலை இயங்கத் தொடங்கியதும் அங்குள்ள களிமண்ணில் இப்பயிர் வேரூன்றியது. இப்போது டெல்டாவுக்கு மேற்கே, நுபாரியா போன்ற இடங்களில் பாலையைத் திருத்திய மணல் நிலங்களிலும் விளைகிறது.

சுகர்பீட் ஈராண்டுச் செடி. முதலாண்டில் இலைகள் ஆக்கும் சர்க்கரையை, மறு ஆண்டு பூப்பதற்காக வேரில் சேர்த்து வைக்கும். அந்தச் சேமிப்பைத்தான் நாம் அறுவடை செய்கிறோம்.

மணலுக்கு எதையும் பிடித்துவைக்கும் சக்தி இல்லை. தழைச்சத்தை (நைட்ரஜனை) மொத்தமாகக் கொட்டினால் பாசன நீரோடு வேருக்குக் கீழே இறங்கிவிடும். ஆகவே மக்கிய தொழுஉரத்தையும் மணிச்சத்தையும் அடியுரமாக இட்டு, தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் சிறு சிறு தவணைகளாகச் சொட்டுநீரில் கலந்து விடுவது நல்லது. மணலில் போரானும் எளிதில் கரைந்தோடும். அது குறைந்தால் நடுக்குருத்து கருகிக் கிழங்கின் தலை அழுகும். சிறிதளவு போரானை இலைவழி தெளித்தால் இதைத் தடுக்கலாம்.

உரம் கொடுப்பதைவிட, நிறுத்துவதில்தான் திறமை இருக்கிறது. தழைச்சத்தை வளர்ச்சியின் முற்பாதியிலேயே கொடுத்து முடித்துவிட வேண்டும். பிந்திக் கொடுத்தால் செடி சேமிப்பை மறந்து புது இலை விடும். கிழங்கு பெருத்தாலும் இனிப்பு குறையும். கிழங்கில் சேரும் நைட்ரஜன் சேர்மங்கள் ஆலையில் சர்க்கரை படிகமாவதைத் தடுப்பதால், கிடைக்க வேண்டிய சர்க்கரையில் ஒரு பங்கு கழிவுப்பாகோடு போய்விடும்.

வளமான களிமண் கடைசி வரை தழைச்சத்தை விடுவித்துக்கொண்டே இருக்கும்; அதை உழவரால் நிறுத்த முடியாது. மணலிலோ உரத்தை நிறுத்தினால் பயிருக்கு விரைவில் பசி வந்துவிடும். அந்தப் பசியில் இலை வளர்ச்சி அடங்கி, சர்க்கரை வேரில் சேரும். மணலின் வறுமையே இங்கே வரமாகிறது.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை விதைத்த பயிர், ஆறேழு மாதங்களில் முதிரும். அடியிலைகள் மஞ்சளாவது அதற்கு அடையாளம். அறுவடைக்கு முன் பாசனத்தை நிறுத்துவது வழக்கம். ஆனால் களிமண்ணில் செய்வதுபோல மணலில் வாரக்கணக்கில் காயவிடக் கூடாது. காய்ந்தால் சர்க்கரை விழுக்காடு கூடியதுபோலத் தெரியும். உண்மையில் கிழங்கின் நீர்தான் குறைந்திருக்கும். எடையும் அதோடு போகும்.

மணலிலிருந்து கிழங்குகள் எளிதாக, அதிக மண் ஒட்டாமல் வெளிவரும். பிடுங்கிய பின்னும் அவை சுவாசித்துத் தம் சர்க்கரையையே எரிக்கின்றன. மே மாத வெயிலில் இந்த இழப்பு வேகமாகும். ஆலைக்கு வண்டி கிடைக்கும் நாளை உறுதி செய்துகொண்ட பிறகே பிடுங்கத் தொடங்க வேண்டும். மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து இட்ட உரத்தின் பலன், வயலோரக் குவியலில் சில நாள் கிடந்தாலே கரையத் தொடங்கிவிடும்.