புதிய வீடா, பழைய வீடா?

தோட்டத்து வீடு வேலையோடு வருவது. வேலை முடிந்ததும் திருப்பி ஒப்படைக்க வேண்டியது. ஆகவே, பால்மரத்தை நம்பி வாழும் ஒவ்வொரு குடும்பமும் சொந்த வீட்டைப் பற்றிச் சிந்தித்தாக வேண்டும். மேம்பாட்டு நிறுவனத்திடம் புதிய வீட்டை வாங்குவதா, முன்பே ஒருவர் வாங்கிய வீட்டை அவரிடமிருந்து வாங்குவதா? விலையை மட்டும் பார்த்து இதற்கு விடை காண இயலாது.

புதிய வீட்டைப் பெரும்பாலும் அது எழும்பும் முன்னரே வாங்குகிறோம். கண்ணால் காணாத பொருளுக்குப் பணம் கட்டுவதால், தீபகற்ப மலேசியாவில் 1966ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. நிறுவனம் உரிமமும் விளம்பர அனுமதியும் பெற்றிருத்தல் வேண்டும். அவற்றின் எண்களை விளம்பரத் தாளிலேயே காணலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் முன்பதிவுப் பணம் கேட்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. கையெழுத்திடும்போது விலையில் 10 விழுக்காடும், எஞ்சியதைக் கட்டுமானம் வளர வளரப் படிப்படியாகவும் செலுத்துவதே வழக்கமான முறை. தரை வீட்டை 24 மாதங்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். தாமதமானால் ஆண்டுக்கு 10 விழுக்காடு இழப்பீடு உண்டு. 60,000 வெள்ளி வீட்டிற்கு அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 வெள்ளியாகும். ஒப்படைத்த பின் 24 மாதங்களுக்குள், வேலைக் குறைவால் தோன்றும் விரிசல், ஒழுக்கு முதலியவற்றை நிறுவனமே தன் செலவில் சீர்செய்ய வேண்டும். மறுத்தால் வீடு வாங்குவோர் முறையீட்டு மன்றத்தை நாடலாம்.

ஆயினும் நிறுவனம் நொடித்துப் போனால், இழப்பீடு ஏட்டளவில் நின்றுவிடக்கூடும். வங்கிக் கடனோ நம்மைத் தொடரும்.

பழைய வீட்டில் அந்த அச்சமில்லை. சுவரையும் கூரையையும் அக்கம்பக்கத்தையும் நேரில் பார்க்கலாம், விரைவில் குடியேறலாம். ஆனால் விற்பவருக்கு மேற்கூறிய கடமைகள் இல்லை. ஆராயும் பொறுப்பு நம்முடையதே. நில அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்தி, பட்டா யார் பெயரில் உள்ளது, வங்கியில் அடமானம் உண்டா என்பதை அறியலாம். நிலவரி, மதிப்பீட்டு வரி, தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றில் பாக்கி உண்டா என்றும் கேட்டறிய வேண்டும். வங்கி தன் மதிப்பீட்டின்படியே கடன் வழங்கும். கேட்கும் விலை அதனினும் மிகுந்தால், வேறுபாட்டை நாமே கையிலிருந்து கொடுக்க நேரிடும்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. மலிவு விலை வீடுகள் பலவற்றை மாநில அரசின் ஒப்புதலின்றிக் கைமாற்ற முடியாது. “பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்” என்று சொல்லி, வெறும் தாளில் கையெழுத்திட்டு முழுப் பணத்தையும் கேட்பவரை நம்பலாகாது. பெயர் மாற்றம் பதிவாகாத வரை அவரே உரிமையாளர். அவர் காலமானால் அவருடைய வாரிசுகள் வீட்டைக் கோரக்கூடும். நம் ஆயுட்காலச் சேமிப்பு வழக்கில் சிக்கும்.

ஊழியர் சேமநிதியில், 2024 மே மாதம் முதல் செஜாத்ரா எனப்படும் கணக்கிலிருந்து இருவகை வீட்டிற்கும் பணம் எடுக்கலாம்.

காத்திருக்க இயலுபவருக்குப் புதிய வீடு ஏற்றது. ஓய்வு நெருங்கியவருக்குப் பழைய வீடு ஏற்றதாகலாம். எதுவாயினும் முதலில் பத்திரம், பிறகே பணம். அப்பணத்தையும் ரசீதின்றிக் கொடுக்க வேண்டாம். பழைய வீடாயின், நமக்கென அமர்த்திய வழக்கறிஞர் வழியாகவே செலுத்துவோமாக.